பரணும் பத்தாயமும்: பொங்கலுக்கு முன் பழைய வீட்டை ஒழிப்பது

நீங்கள் கேட்டது மூன்று. மன்னார்குடி பக்கத்தில் மாமனார் காலத்து ஓட்டு வீடு. பரண், மச்சு, கொல்லைக் கொட்டகை எல்லாம் சாமான் நிரம்பிக் கிடக்கிறது. பொங்கலுக்குள் ஒழிக்க எங்கே தொடங்குவது? எதை எடுத்தாலும் “அது இருக்கட்டும்” என்கிற மாமியாரிடம் எப்படிப் பேசுவது? கூடத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிற பத்தாயத்தை, அதாவது நெல் கொட்டி வைக்கிற மரக் குதிரை, விற்றுவிடலாமா? பத்தாயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

வீடு ஒழிப்பது பற்றி எங்கே தேடினாலும் “ஒரு வருஷமாகத் தொடாததைக் கழித்துவிடு” என்றுதான் வரும். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு அது சரி. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டால் முதலில் போவது கல்யாணத்துக்கு மட்டும் இறங்குகிற அண்டா, நவராத்திரிக்கு மட்டும் இறங்குகிற கொலுப் பெட்டி, புயலுக்கு மட்டும் தேடுகிற அரிக்கேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பரணில் அரிக்கேன் வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் தெருவுக்கே வேண்டியவர்களாகிப் போனார்கள்.

நம் பக்கத்துப் பழைய வீட்டில் சாமான் சேர்வதற்குக் காரணம் வேறு. வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பெரிய மகனின் எஞ்சினியரிங் புத்தகங்கள், சிங்கப்பூர் போன சின்னவனின் ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி, கல்யாணமாகிப் போன நாத்தனாரின் தையல் மெஷின், பாகம் பிரித்தபோது சித்தப்பா எடுக்காமல் விட்ட இரும்புப் பீரோ. சென்னையில் இடம் கிடையாது, அங்கேயே கிடக்கட்டும் என்பார்கள். உங்கள் மாமியார் சொல்லும் “இருக்கட்டும்” பாதிக்கு மேல் ஆசையில் வருவதில்லை. “நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்கிற பயம் அது. அதனால் வேண்டியது, வேண்டாதது என்று பிரிக்கத் தொடங்காதீர்கள். யாருடையது என்று முதலில் பிரியுங்கள்.

இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். பழைய அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, மார்க்கரில் பெயர் எழுதி, சணல் கயிற்றில் கட்டுங்கள். பெரியவர், சின்னவர், நாத்தனார், சித்தப்பா வீடு, அத்தை (உங்கள் மாமியார்), நாங்கள். இன்னொரு சீட்டும் நிறையத் தேவைப்படும்: “தெரியவில்லை”. போகிக்கு முன்னால் உங்கள் கையால் முடிவெடுக்கக்கூடியது “நாங்கள்” என்பதும், அத்தை ஒப்புக்கொண்டால் “அத்தை” என்பதும்தான். மற்றதை ஒரே அறையில் சேர்த்து, ஃபோனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். “இதெல்லாம் தூக்கிப் போடப் போகிறோம்” என்று எழுதினால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். “பொங்கலுக்கு வரும்போது பாருங்கள், மீதியைக் காணும் பொங்கல் அன்று சேர்ந்து முடிவு செய்வோம்” என்று எழுதுங்கள். வருகிறவர்கள் காரில் இடமில்லை என்பார்கள். பார்சல் லாரியில் ஏற்றிவிடுகிறோம், கூலியை அங்கே இறக்கும்போது கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அந்தப் பொருள் வேண்டாம் என்று அந்த நிமிஷம்தான் தெரியவரும்.

நாத்தனார் பெயரை மறக்காதீர்கள் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. மாமனார் உயில் எழுதாமல் போயிருந்து வீடு அவர் பெயரில் இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லாருக்கும் சம பங்கு. கல்யாணச் சீராக வந்த பாத்திரமும் நகையும் அதில் சேராது. அது மாமியாருக்கே சொந்தம், அவர் யாருக்குக் கொடுக்க நினைக்கிறாரோ அவருக்கு.

அடுத்தது காலம். ஜனவரி 1 அன்று புத்தாண்டுத் தீர்மானம் என்று இறங்குகிறவர்கள் நம் ஊர் வானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை மார்கழியிலும் மிச்சம் வைத்திருக்கும். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து மூழ்கியது. 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அப்படியே. ஈரக் காற்றில் புத்தகத்தையும் மெத்தையையும் பிரித்துப் போட்டால் பூஞ்சைக்குத்தான் விருந்து. வெயில் நன்றாக விழுகிற நாளில் மட்டும் துணி, மெத்தை, மரச் சாமான். மந்தாரமாக இருந்தால் பாத்திரமும் காகிதமும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் என்று நாள் குறிப்பதற்குத் துல்லியமான காரணம் ஒன்று உண்டு. தை பிறந்ததும் சம்பா அறுப்பு, பின்னாலேயே இரண்டாம் போகமான தாளடி. நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அங்கே வழக்கமாக 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. அதற்கு மேலிருந்தால் காயவைத்து எடுத்துவா என்பார்கள். தூற்றல் விழுந்தால் மூட்டையெல்லாம் தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும்தான் வரும். உங்களுக்கு நிலம் இல்லையென்றாலும் பங்காளி வீட்டு நெல்லாவது வந்து நிற்கும். ஆகவே வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்பது இரண்டாம் பட்சம். இருபது முப்பது மூட்டையைச் சுவரை ஒட்டாமல், கீழே பலகை போட்டு அடுக்கத் தரை வேண்டும். எவ்வளவு ஒழிப்பது என்பதற்கு அதுவே அளவு.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், எல்லாரும் பரணில் கை வைப்பார்கள். நான் கொல்லைக் கொட்டகை என்பேன். அங்கே இடம் பிறந்தால்தான் உள்ளேயிருந்து எடுப்பதை வைத்துப் பிரிக்க முடியும். அங்கேதான் ஆபத்தும் அதிகம். உச்சி வெயிலில், கால் மூடிய செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு, நீளக் கம்பால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். விறகுக் குவியல், அடுக்கிய ஓடு, உர மூட்டைச் சாக்கு ஆகியவற்றுக்குள் கையை விடாதீர்கள். வயலில் தண்ணீர் நிற்கும் பருவத்தில் எலி மேட்டுக்கு வரும், அதன் பின்னால் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். கட்டுவிரியன் பகலில் சுருண்டு கிடக்கும், கடித்தது தெரியாத அளவுக்கு வலியில்லாமல் கடிக்கும். அப்படி ஏதாவது நடந்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து மன்னார்குடி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும்.

கொட்டகை மாடத்திலும் ஓட்டுச் சரிவின் சந்திலும் பூச்சி மருந்து பாட்டில்கள் இருக்கும். லேபிள் போன பாட்டிலை மோந்து பார்க்காதீர்கள். காலி டப்பாவை மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும் எடுத்து வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது; அதை நிறுத்துங்கள். மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை வயலில் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. நெல் மூட்டைக்கு நடுவே வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை டியூப் கிடைத்தால் இன்னும் கவனம். ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்கிற விஷ வாயு வரும். ஆள் படுக்கிற வீட்டுக்குள் அது இருக்கவே கூடாத பொருள். திறக்காமல், நனையாமல், கொளுத்தாமல், வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் என்ன செய்வதென்று கேளுங்கள். எலி பேஸ்ட்டும் அப்படியே. வீட்டில் மனம் நொந்த ஆள் யாராவது இருந்தால், இந்த ஒரு வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

இனி பரண். பரணில் பெரும்பாலும் பாத்திரம். இங்கே அத்தையைக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாக இறக்கி அவர் கையில் கொடுங்கள். பழைய பித்தளைக் குடத்தின் கழுத்தடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்: புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்து இருக்கும். முதலில் தகப்பனார் இனிஷியல், அடுத்துப் பெயர், சில நேரம் ஊரோ வருஷமோ. களிம்பு ஏறி எழுத்து மூடியிருந்தால் புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேயுங்கள், தெளிந்துவிடும். அந்தக் காலத்தில் கடையிலேயே உட்கார்ந்து பேர் வெட்டிக் கொடுத்தது இதற்குத்தான். பத்து வீட்டுப் பாத்திரம் ஒரு கல்யாணப் பந்தலில் கலந்தாலும் பிரிந்து வீடு திரும்ப வேண்டும். “அத்தே, இதுல உங்க பேர் இல்லியே, யாரு பாத்திரம்?” என்று கேளுங்கள். அது ஓரகத்தியுடையது, கேட்டுக்கேட்டு அலுத்துப்போனது என்று ஒரு கதை வரும். கதையைச் சொன்ன பிறகு அதைக் கொடுத்துவிடுவதில் அவருக்கே பாதித் தயக்கம் போயிருக்கும். “வேணுமா வேண்டாமா?” என்று கேட்டால் பதில் எப்போதும் “இருக்கட்டும்” தான்.

அவருடைய பெயர் இருக்கிற பாத்திரத்தில் உங்களுக்குப் பேச்சில்லை. அவரே பேத்திக்கு என்று எடுத்து வைத்தால் சீட்டில் பேத்தியின் பெயரை எழுதிக் கட்டுங்கள். அது முடிவாகிவிட்டது.

விற்பதாக இருந்தால் உலோகம் தெரியாமல் தராசில் ஏற்றாதீர்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். விரலால் சுண்டினால் வெண்கலம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். பழசில் செம்புக்கும் வெண்கலத்துக்கும் பித்தளையைவிட விலை கூடுதல்; தெருவில் வருகிறவர் எல்லாவற்றையும் பித்தளை என்றே எடுத்துக்கொள்வார். ஈயச் சொம்பைப் பற்றி இன்னும் ஒரு படி மேலே சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பக்கம் ரசத்துக்கென்று வைத்திருக்கும் நசுங்கிய சாம்பல் நிறச் சொம்பு வெள்ளீயம். பித்தளையைவிடப் பல மடங்கு விலை. நஞ்சான காரீயம் என்று நினைத்து மிரண்டு தூக்கிப் போடுகிறவர்களும், உபயோகமில்லை என்று கைமாற்றுகிறவர்களும் உண்டு. வேலை செய்யவும் செய்யும்: உள்ளே தண்ணீரோ ரசமோ இல்லாமல் அடுப்பில் வைக்காமல் இருந்தால் போதும், 232 டிகிரியில் உருகிவிடுகிற உலோகம் அது. உள்ளே பூச்சு போன பித்தளைப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுப்பதாக இருந்தால் வெள்ளீயம் பூசிய பிறகுதான். பூசாததில் புளி, மோர், எலுமிச்சை கூடாது.

கும்பகோணம் பாத்திரக் கடைகளில் பழசை எடைக்குப் போட்டுப் புதுசு எடுப்பது நடக்கிற வழக்கம். கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

துணிமணியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பருத்திப் புடவையும் வேட்டியும் கிழிசலானால் திரிக்கும் பிடிதுணிக்கும் ஆகும், ஆனால் ஒரு மூட்டை போதும், ஆறு மூட்டை வேண்டாம். நல்ல நிலையில் இருப்பதைத் துவைத்து மடித்து, கேட்டு வாங்கிக்கொள்கிறவருக்குக் கொடுங்கள். அழுக்கோடு மூட்டையாகக் கொடுப்பது மரியாதையில்லை. திருபுவனம் பட்டாக இருந்தால் வெயில் நேரடியாகப் படாமல் நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஜரிகையில் நாப்தலின் உருண்டை படக் கூடாது, கறுத்துவிடும். வசம்பைத் துணியில் முடிந்து போட்டாலே பூச்சி அண்டாது.

காகிதத்துக்கு வருவோம். வீட்டில் நான் யாரையும் அவசரப்படுத்த விடாத இடம் இதுதான். போகித் தீயில் போன காகிதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதில் என்ன இருந்தது என்பதுகூட அப்புறம் தெரியாது. தகரப் பெட்டி, சாமி அலமாரிக் கீழ்த்தட்டு, மாமனாரின் மேசை அறை, பஞ்சாங்கக் கட்டுகளின் நடுவே என எங்கே கிடைத்தாலும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படித்துப் பிரியுங்கள். போகிக்குள் முடியாவிட்டால் முடியாமலே போகட்டும்.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று உங்களுக்கே தெரிந்தவை போக, பழசாகத் தெரிகிற சில தாள்கள்தான் சிக்கல். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருந்தால் உலகத்தில் அதற்கு வேறு நகலே இல்லாமல் இருக்கலாம். பாகம் பிரித்து எழுதிக்கொண்ட, பதிவு செய்யாத கூர்ச்சீட்டும் அப்படியே. பங்காளிகள் யார் எந்த வயலை எடுத்துக்கொண்டார்கள் என்பது வில்லங்கத்தில் வராது, அந்தத் தாளில்தான் இருக்கும். கிஸ்தி (நிலவரி) ரசீதுக் கட்டு, பழைய பட்டாப் புத்தகம் இவற்றைக் காலாவதி என்று நினைக்காதீர்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதைத்தான் தாலுகா ஆபீஸில் யுடிஆர் என்பார்கள், பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் ஏராளம். இன்றைக்கு அதைத் திருத்த மனு போட்டால் முதலில் கேட்பது அதற்கு முந்தைய ஆவணம்.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு கட்டு உண்டு. கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான மனையில் நிற்கிற வீடுகள் இங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. உங்கள் வீடும் அப்படியானதாக இருந்தால் அடிமனை வாடகை ரசீதுகள், எவ்வளவு பழசானாலும், ஒன்றுகூடப் போகக் கூடாது. குத்தகை நெல் அளந்த ரசீதும் அப்படியே: 1955-ஆம் ஆண்டின் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்திலும் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்திலும் உரிமை கேட்கிறவருக்கு அந்தத் துண்டுச் சீட்டுகள்தான் ஆதாரம். மரக்கால், கலம் என்று பழைய அளவில் எழுதியிருக்கிறதே என்று சிரித்துக் கிழித்துவிடாதீர்கள்.

கழிக்கலாம் என்றால்: பல வருஷத்து கரண்ட் பில், கேஸ் ரசீது, முடிந்துபோன இன்ஷூரன்ஸ் பிரீமியம் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைக் கட்டு (தேதியும் உறவும் தெரிய ஒன்று போதும்), வங்கி விளம்பரக் காகிதம். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் உள்ளதைக் கிழித்துவிட்டுப் போடுங்கள், அப்படியே எடைக்குப் போடாதீர்கள்.

வைத்துக்கொள்வதை லேமினேட் செய்யாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், முத்திரைத் தாளை அப்புறம் பிரித்தும் எடுக்க முடியாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், தரையிலிருந்து உயரமாக, வெளிச்சுவரில் சாயாமல் வையுங்கள். ஸ்கேன் எடுத்து அத்தை, மகன்கள், மகள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும். நனைந்த தாள் கிடைத்தால் வெயிலில் போடாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே உறிஞ்சுகிற வெற்றுத்தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால்? கிடைக்கலாம். பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் வீடு வீடாக ஏறி இறங்கி ஏடு தேடியது இந்த மண்ணிலும்தான். ஏடுகளை ஆற்றில் விட்டதையும் நெருப்பில் போட்டதையும் கேட்டு அவர் நொந்துபோய் எழுதியிருக்கிறார். படிக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கழிக்காதீர்கள், எண்ணெய் தடவவும் வேண்டாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலுக்கோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் வைத்தியமோ ஜோதிடமோ நிலக் கணக்கோவாக இருக்கும், அதுவும் வேண்டியதுதான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், நாணயம், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடி எல்லாம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். சாமி அறையில் பழைய பஞ்சலோக விக்கிரகம் இருந்து, யாராவது வாசலில் வந்து விலை பேசினால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மின்சாமானில், இலவசமாக வந்த கலர் டிவி ஒன்று கண்டிப்பாக இருக்கும். 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இருக்கும். ஓடுவதை ஓடவிடுங்கள். குண்டு டிவியைக் கொல்லையில் உடைக்காதீர்கள், கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறது. மின்கழிவு எடுக்கிறவர்களிடம் முழுசாகக் கொடுங்கள். சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஹோட்டல் பார்சல் டப்பாவும் தானாகப் பெருகும், கைக்கு எட்டிய அளவு கழியுங்கள். பீங்கான் ஜாடிகளை மட்டும் தொடாதீர்கள். மாசி, பங்குனியில் புதுப்புளியும் வடாம் வற்றலும் வரும்போது அத்தை அதைத்தான் தேடுவார்.

போகியன்று, ஜனவரி 13 அல்லது 14, கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், மக்கிப்போன முறம், கூடை என்று பனையும் கோரையும் மூங்கிலுமானதை ஒரு கைப்பிடி எரித்தால் சடங்கு முடிந்தது. டயர், ரெக்ஸின், பிளாஸ்டிக், ஃபோம் மெத்தை எதுவும் அதில் விழக் கூடாது; மார்கழிப் பனியில் புகை மேலே போகாது, திண்ணையில் படுத்திருக்கிற வயதானவர் மூக்கில்தான் ஏறும். அதையெல்லாம் முந்தின நாளே ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பொங்கலன்று அவர்களுக்கும் ஒரு கரும்புக்கட்டும் துணியும் எடுத்து வையுங்கள், வீட்டுச் சுமையை இறக்கி வைத்தவர்கள் அவர்கள்தான்.

விரிசல் விழுந்த சாமி படத்தை அரசமரத்தடியில் சாத்துவதும் ஆற்றில் விடுவதும் வழக்கமாகிவிட்டது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிட்டால் பாமணி ஆறும் வாய்க்காலும் வற்றும். நீங்கள் விட்ட கண்ணாடியும் ஆணியும் மணலில் கிடந்து மாட்டுக் குளம்பில் ஏறும். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் செடி அடியில் ஊற்றினால் யார் மனமும் நோகாது.

இப்போது பத்தாயம். வாசல் வழியாக அப்படியே வெளியே போகாது. கூடத்துக்குள்ளேயே பலகை பலகையாகக் கோத்து நிறுத்தியது. அடுக்கு அடுக்காகக் கழன்று வரும், ஆணி இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். அதைக் கோடரியால் பிளந்து எடுக்கிற ஆளிடம் விற்காதீர்கள், விறகு விலைதான் தருவார். முதலில் தச்சர் ஒருவரை அழைத்துத் தேக்கா, பலாவா, வேங்கையா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலடியில் கரையான் ஏறியிருக்கிறதா, கீழே நெல் எடுக்கிற வாயின் பலகை இற்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மரச்சாமான் வாங்குகிற காரைக்குடி வியாபாரிகள் முழுப் பத்தாயத்துக்குத் தருகிற விலை வேறு, பலகைக்குத் தருகிற விலை வேறு.

ஆனால் பொங்கலுக்கு முன் விற்காதீர்கள். நிலம் இருந்தால், சாப்பாட்டுக்கென்று ஒதுக்குகிற நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் இந்த வருஷம் ஒரு முறை அதில் கொட்டிப் பாருங்கள்; அடியில் வேப்பிலையும் நொச்சியும் காய்ந்த சருகாகப் போடுங்கள். எலியில்லாமல், சாக்கு நாற்றமில்லாமல் புது நெல் பழசாவதற்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. நிலம் இல்லை, கொட்ட நெல்லும் இல்லை என்றால், கூடத்தை அடைத்து நிற்பதில் அர்த்தமில்லை, கொடுத்துவிடலாம். அப்போதும் அது “நாங்கள்” சீட்டில் வராது. காணும் பொங்கலன்று எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள். பணம் யாருக்கு எவ்வளவு என்பதைப் பலகையைக் கழற்றுவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் வரிசை எண் போட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கோக்கத் தெரிந்தால்தான் வாங்குகிறவர் முழு விலை தருவார்.